எனக்குக் காது போன பத்து நாள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னுடைய இரண்டு காதும் போய்விட்டது என்று பத்து நாள் முழுசாக நம்பினேன். வலது காது கொஞ்சம் முந்திக்கொண்டு போனதாகவும், இடது காது அதற்குத் துணையாகப் பின்னாலேயே கிளம்பியதாகவும்கூட எனக்குள் ஒரு தீர்மானம் இருந்தது.

ஆதாரம், எங்கள் வீட்டு டிவி. பழைய டிவிதான். அதன் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி வாங்கிச் சொருகினேன். இன்டர்நெட் வழியாகப் படமும் தொடரும் வரவைக்கிற பெட்டி. சொருகிய அன்று சாயங்காலமே பிரச்சினை ஆரம்பித்தது. திரையில் எல்லாரும் வாயை அசைத்தார்கள். பேச்சு மட்டும் என்னிடம் வந்து சேரவில்லை. கார் வந்தால் கேட்டது. கதவை அறைந்தால் கேட்டது. சண்டை வந்தால் மதுரை கே.கே. நகர் முழுக்கக் கேட்டது. சண்டை முடிந்து, கதாநாயகன் மூச்சு வாங்கிக்கொண்டு கதாநாயகியிடம் முக்கியமாக என்னவோ சொல்வான் பாருங்கள், அது மட்டும் பக்கத்து வீட்டு பாத்ரூமுக்குள்ளிருந்து சொல்வதுபோல இருந்தது.

புத்தியுள்ளவன் என்ன நினைப்பான்? பெட்டியில் கோளாறு என்பான். நான் பயந்தவன். பெட்டிக்கு வயது ஒரு நாள், எனக்கு ஐம்பத்திரண்டு. புதுசும் பழசும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் யார் மேல் கேஸ் விழும்?

இதில் வெட்கக்கேடு ஒன்று இருக்கிறது. கப்பலூரில், பம்புக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான் வேலை பார்க்கிறேன். என் வேலையே காலிபரேஷன்தான். அளக்கிற கருவிகள் ஒழுங்காக அளக்கின்றனவா என்று அளந்து பார்ப்பது. "அண்ணே, பீஸ் அளவு தப்பா வருது" என்று ஒருத்தன் ஓடிவந்தால் பீஸைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். அவன் கையிலிருக்கிற, அளக்கிற வெர்னியரைப் பிடுங்கி அதைத்தான் முதலில் சோதிப்பேன். இருபத்தைந்து வருடமாக ஊருக்கெல்லாம் இந்தப் பாடம் எடுத்தவன், வீட்டிலிருந்த கருவியைச் சந்தேகப்படாமல், மண்டையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்த பீஸ்களை ரிஜெக்ட் செய்துவிட்டேன்.

காது போனது மட்டும் என்றால்கூடச் சமாளித்திருப்பேன். இரும்பு கடைகிற லேத் மிஷின் சத்தத்தில் நிற்கிற எல்லாருக்கும் எங்கள் தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒரு தடவை காது டெஸ்ட் உண்டு. பெட்டி வந்த பதினோராம் நாள் அந்த டெஸ்ட். போன வருடம் அதில் தேறாத ஒருவரை, இனிச் சத்தத்தில் நிற்கக் கூடாது என்று சொல்லி, கேட் பக்கம் ரிஜிஸ்டர் எழுத அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அது சொர்க்கம். ஃபேன் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, தெருவில் போகிற லாரியை எண்ணலாம். எனக்கு அது ஆகாது. லேத்தில் டூல் முனை மழுங்க ஆரம்பிக்கும்போது ஒரு கீச்சு வரும். மெல்லிசாக, பல் கூசுகிற மாதிரி. அதை இரண்டு மிஷின் தள்ளி நின்றே கேட்டுவிட்டு, "நிப்பாட்டுப்பா, டூல் போச்சு" என்று கத்துவதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம் உண்டு. அந்த ஒரு கத்தலுக்காகத்தான் தினமும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன் என்றுகூடச் சொல்லலாம். அதைப் பிடுங்கிக்கொண்டு என்னை லாரி எண்ணச் சொன்னால்?

அதனால் யாரிடமும் மூச்சுவிடவில்லை. என் மனைவியிடமும்.

அவள் பக்கத்துத் தெருவிலிருக்கிற பள்ளிக்கூடத்தில் யு.கே.ஜி. டீச்சர். மகள் வேலைக்கென்று வெளியூர் போய்விட்ட பிறகு, சாயங்காலமானால் நாங்கள் இரண்டு பேரும்தான், நடுவில் ஒரு தட்டு வறுத்த கடலை. அந்தப் பெட்டியில் ஒரு நகைச்சுவைத் தொடரைப் பிடித்தோம். அவள் நன்றாகச் சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். அவளுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை என்பதற்கு அதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? நான் அவள் தோளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பேன். தோள் குலுங்கியதும் நானும் "ஹெ ஹெ" என்று சேர்ந்துகொள்வேன். சில சமயம் பெருமைக்காக அவளுக்கு முன்னாலேயே சிரித்தேன். அதற்கும் அவள் உடனே கூடச் சிரித்தாள். அப்பாடா, சரியான இடத்தில்தான் சிரித்திருக்கிறோம் என்று எனக்கு நிம்மதி.

திரைக்குக் கீழே எழுத்து ஓடவிடலாம். அந்த வசதி இருக்கிறதென்று எனக்குத் தெரியும். ஆனால் தமிழ்த் தொடருக்கு மதுரைக்காரன் எழுத்து போட்டுப் பார்த்தால் அன்றைக்கே குட்டு உடைந்துவிடும்.

இதற்கிடையில் படமும் ஒரு தினுசாக இருந்தது. எல்லார் முகமும் மஞ்சள் பூசிக் கழுவாததுபோல் ஆரஞ்சாக மின்னியது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. காதே போன பிறகு கண்ணும் கூடவே போனால், கட்டுச்சோறு கட்டிக்கொண்டு சேர்ந்தே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சொந்த முயற்சியாகச் சில பரிசோதனைகள் செய்தேன். பாத்ரூமைத் தாழ்போட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தைக் காதருகே பிடித்து, 'டிக் டிக்' எத்தனை அங்குலம் வரை கேட்கிறது என்று டேப் வைத்து அளந்தேன். இடது காதுக்குப் பதினொன்று, வலதுக்கு ஒன்பது. காலையில் ஒரு ரீடிங், மாலையில் ஒரு ரீடிங், பிறகு சராசரி. தொழில்காரன் இல்லையா! மூன்றாம் நாள் வலது காது எட்டரைக்கு இறங்கியது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரத்தில் வெளியே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது என்பதைக் குறிப்பில் எழுத மறந்துவிட்டேன்.

தொழிற்சாலையில் எல்லாருடைய வாயையும் உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். உதட்டசைவை வைத்துப் பேச்சைப் பிடிக்கப் பழகிக்கொள்ளலாம் என்று ஒரு முன்யோசனை. என்னோடு பல வருடமாக வேலை பார்க்கிற லேத் ஆபரேட்டர் ஒருத்தன் மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேவிட்டான்.

"என்னண்ணே, என் வாயவே பாக்குறீக? பல்லுல ஏதும் ஒட்டியிருக்கா?"

"ஒண்ணுமில்லப்பா, நீ பேசு."

"பேசி முடிச்சு எம்புட்டு நேரமாச்சு! டீக்குக் காசு குடுங்கன்னேன்."

காதில் விழுந்ததுதான். ஆனால் கவனம் முழுக்க அவன் உதட்டில் இருந்தால் காது என்ன செய்யும்? நான் அதையும் நோய்க் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு ஒருநாள் சீக்கிரம் வந்தபோது டிவி அலறிக்கொண்டிருந்தது. சவுண்ட் நாற்பத்தேழில் நின்றது. என் மனைவி துணியோடு எழுந்து நின்று, "தொடைக்கும்போது பட்டன் அமுங்கிருச்சுங்க" என்றாள். நான் நம்பினேன். அந்த வாரத்தில் எதைச் சொன்னாலும் நம்புகிற நிலையில் இருந்தேன்.

பத்தாம் நாள் தாங்கவில்லை. மறுநாள் டெஸ்ட். அதற்கு முன் ஒரு டாக்டரைப் பார்த்து, போன காதில் ஏதாவது மிச்சம் இருந்தால் தட்டி எழுப்பித் தரச் சொல்லலாம் என்று கிளம்பினேன். கே.கே. நகரில் தடுக்கி விழுந்தால் கிளினிக். ஆனால் அங்கெல்லாம் தெரிந்த முகமாக இருக்கும். 'என்ன, காதா?' என்று ஒருத்தர் கேட்டால் மறுநாள் ஊர்க் காதுக்கெல்லாம் போய்விடும். அதனால் மனைவியிடம் ஆபீஸில் ஆடிட் என்று சொல்லிவிட்டு, அரை நாள் லீவு போட்டு, ஊரின் மறுகோடியில் காளவாசல் வரை வண்டியை விட்டேன். சிக்னல் தாண்டி, ஒரு மாடிப்படி ஏறி, காது மூக்கு தொண்டை என்று எழுதியிருந்த கண்ணாடிக் கதவைத் தள்ளினால், உள்ளே மூன்றாவது நாற்காலியில் என் மனைவி டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்குக் கதவை விடவும் தெரியவில்லை, மூடவும் தெரியவில்லை.

"என்னங்க, ஆடிட்டு இங்கயா நடக்கு?"

"உனக்குப் பேரண்ட்ஸ் மீட்டிங்னு சொன்ன?"

"நான்தான் முதல்ல கேட்டேன்."

"இந்தப் பக்கம் ஒரு ஃப்ரெண்டப் பாக்க வந்தேன்."

"காது டாக்டரா உங்க ஃப்ரெண்டு?"

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். அவள் கையிலிருந்த டோக்கனைப் பார்த்தேன், பன்னிரண்டு. இதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது?

"ரெண்டு காதும் போச்சு தாயி. நாளைக்கு டெஸ்ட்டு. என்னைய வாசல் கேட்டுக்கு அனுப்பிருவாங்க."

அவள் டோக்கனை மடியில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குமா?" என்றாள்.

"உங்களுக்குமான்னா?"

"எனக்குத்தாங்க கேக்கல. பிள்ளைக பேசுறது நாளைக்குக் கேக்காமப் போயிட்டா எப்படி வேலைக்குப் போவேன்னு பத்து நாளா உசுரு இல்ல. உங்ககிட்ட சொன்னா நீங்க பயந்துருவீகன்னு சொல்லல."

"அப்ப டிவி பாத்துச் சிரிச்ச?"

"நீங்க சிரிச்சீக, நானும் சிரிச்சேன்."

"நீ சிரிச்சேன்னுதானடி நான் சிரிச்சேன்!"

"அப்ப மொதல்ல சிரிச்சது யாரு?"

இதற்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. பத்து நாள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், இரண்டு பேர் டிவியைப் பார்க்காமல் ஒருவர் தோளை ஒருவர் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நிஜமாகவே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எதிரே காதில் மிஷின் மாட்டிய பெரியவர் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டுச் சத்தமாப் பேசிக்கிறீகளே, ரெண்டு பேருக்கும் ரொம்ப முத்திருச்சு போல" என்றார் பரிதாபமாக.

அவளுக்கு டெஸ்ட் சீக்கிரம் முடிந்தது. என்னை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கிறபோது அமுக்க வேண்டும். நான் தோற்கக் கூடாது என்று அமுக்கினேன். நிற்காமல் அமுக்கினேன். வெளியே இருந்த பெண் ஹெட்போனுக்குள் பேசினாள்:

"சார், இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மனைவியின் தோள் குலுங்கியது.

டாக்டரம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் காது நல்லா இருக்கு. எங்கெங்க கேக்க மாட்டேங்குது?"

"டிவியில" என்றோம் ஒரே குரலில்.

"வேற?"

நானும் அவளும் விரல்விட்டு எண்ணப் பார்த்தோம். வேறு எங்கேயும் இல்லை. டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். "அப்ப டிவியக் கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றார்.

அவள் அப்போதே தெளிந்துவிட்டாள். நான் தெளியவில்லை. எப்படித் தெளிவேன்? ஆரம்பிக்காத டெஸ்டுக்கே பட்டனை அமுக்கியவன். குருட்டாம்போக்கில் அமுக்கியது சரியாக விழுந்து, இல்லாத காதுக்கு நல்ல சான்றிதழ் வாங்கிவிட்டேனோ என்று புதுப் பயம் பிடித்துக்கொண்டது. நாளைக்குத் தொழிற்சாலையில் இந்த வித்தை பலிக்காதே? வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்த அவளிடம் சொன்னேன். அவள் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

"உங்க ஃபேக்டரில ஒரு கருவி தப்பாக் காட்டுதுன்னு சந்தேகம் வந்தா என்னங்க செய்வீங்க?"

"சரியா இருக்குன்னு தெரிஞ்ச ஒண்ண வச்சு ஒப்பிட்டுப் பாப்போம்."

"செய்வீங்கள்ல? வீட்டுக்குப் போயி அதச் செய்ங்க."

செய்தோம். அதே தொடர், அதே காட்சி. அவள் செல்போனில் போட்டாள். ஒரு ஆள் இன்னொரு ஆளிடம், "ஏண்டா, என் சட்டையப் போட்டுக்கிட்டு எனக்கே வணக்கம் வைக்கிற?" என்றான். அட்சரம் பிசகாமல் கேட்டது. எனக்குக் கேட்டது! டிவியில் போட்டாள். அவன் வாயசைத்தான், பின்னால் தவில் மட்டும் வாசித்தார்கள். மறுபடி செல்போன், மறுபடி சட்டை. நான் சோபாவிலிருந்து எழுந்துவிட்டேன். மூன்று தடவை போடச் சொன்னேன். மூன்றாவது தடவை எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சட்டைக்காக உலகத்தில் கண் கலங்கியவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

"பெட்டிதான். காது இல்ல, பெட்டி!"

"அதத்தான டாக்டரம்மாவும் சொன்னாக."

பிறகு பெட்டியின் செட்டிங்கிற்குள் இறங்கினேன். உற்சாகத்தில் இருக்கிறவன் கையில் ரிமோட்டைக் கொடுக்கக் கூடாது. முதலில் வந்தது படம் சம்பந்தப்பட்ட பக்கம். பளிச்சென்று இருக்க வேண்டுமென்று முதல் நாள் எல்லாவற்றையும் நூறில் வைத்தது நான்தான். இப்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இழுத்தேன். அப்போது ஓடிய சமையல் நிகழ்ச்சியில் ஒரு அம்மா பச்சையாக மாறினார். இன்னும் கொஞ்சம் இழுத்தேன். ஊதாவானார்.

"ஃபேக்டரிலயும் இப்படித்தான் எல்லாத்தையும் ஒண்ணாத் திருகுவீகளா?"

"ஒரு தடவைக்கு ஒண்ணுதான்."

"அப்ப ஒண்ணொண்ணா வாங்க. இருங்க, வாரேன்." அடுப்படிக்குப் போய் ஒரு தக்காளியும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் எடுத்துக்கொண்டு வந்தாள். திரையில் அந்த அம்மா தக்காளி நறுக்கியபோது படத்தை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நம் தக்காளியைப் பிடித்தாள். "ம், செவப்பக் கொறைங்க. இன்னும். இது நாட்டுத் தக்காளியாங்க, இம்புட்டுப் பழுத்திருக்கு? கொறைங்க. நிப்பாட்டுங்க!" கறிவேப்பிலைக்குப் பச்சை ஒத்துவந்தது. அந்த அம்மாவின் முகத்துக்கு ஒப்பிட எதுவும் இல்லாததால் தன் கையையே நீட்டி வைத்துப் பார்த்தாள். ஆரஞ்சு போனது. நம் ஊர் மாநிறம் வந்தது. இருபத்தைந்து வருட அனுபவத்தில் இவ்வளவு சுத்தமான ஒரு காலிபரேஷனை நான் பார்த்ததில்லை. தக்காளியை மறுநாள் ரசத்துக்கு வைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒலிக்கான பக்கம். ஸ்டீரியோ என்று ஒன்று, சரவுண்ட் என்று ஒன்று. சரவுண்டுக்கு எதிரே டிக் இருந்தது. அதையும் முதல் நாள் போட்டது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டில் எது பெரிசோ அதுதானே நல்லதாக இருக்கும் என்று போட்டிருந்தேன். ஓட்டலுக்குப் போனாலும் நான் அப்படித்தான், ஒரு ஆளாகப் போய் ஃபேமிலி ரோஸ்ட் சொல்கிறவன்.

"அத மாத்திப் பாருங்க" என்றாள்.

"மாத்துனா தரம் கொறஞ்சுருமே?"

"பேசாத தரத்த வச்சு என்னங்க செய்ய?"

ஸ்டீரியோவுக்கு மாற்றினேன். சவுண்ட் இன்னும் நாற்பத்தேழில் இருக்கிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை. நிறுத்திவைத்திருந்த சமையலை ஓடவிட்டதும், பத்து நாளாக வாயை மட்டும் அசைத்த மனித குலம் முழுக்கச் சேர்ந்து பேசியது:

"உப்பு போட மறந்துறாதீங்க!"

அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. மாடி வீட்டு ஜன்னலிலிருந்து அந்த வீட்டுக்கார அம்மாவின் குரல் வந்தது: "போட்டாச்சுங்க, போட்டாச்சு!"

நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். அவள் கையில் கறிவேப்பிலை, என் கையில் ரிமோட். யார் தோளை யார் பார்ப்பது என்றே தெரியாத சிரிப்பு. சவுண்டைப் பன்னிரண்டுக்கு இறக்கினேன். பன்னிரண்டிலேயே எல்லாம் கேட்டது.

அன்றைக்கே அந்தத் தொடரை முதலிலிருந்து போட்டோம். பத்து நாள் பார்த்து ரசித்த கதையை முதல்முறையாகக் கேட்டோம். பாதி இடங்களில் நாங்கள் முன்பு சிரித்தது எவ்வளவு பெரிய பாவம் என்று தெரிந்தது. இரண்டாம் பாகத்தில் ஒரு இடத்தில் அவள் கடலை புரையேறும்வரை சிரித்திருந்தாள், நானும் தொடையில் தட்டிச் சிரித்திருந்தேன். அந்த இடத்தில் கதையில் வருகிற ஒருவர், கூடப்பிறந்த தம்பி ஊரைவிட்டுப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாவங்க" என்றாள்.

"நாம சிரிச்சது அவருக்குக் கேட்டிருக்காது, விடு."

மறுநாள் தொழிற்சாலையில் டெஸ்ட். சத்தம் வந்த பிறகு மட்டும் பட்டனை அமுக்கினேன். வலது, இடது இரண்டும் சரியாக இருக்கின்றன என்று எழுதி, என்னை லேத் பக்கமே திருப்பி அனுப்பினார்கள். பதினொரு மணிவாக்கில் மூன்றாவது மிஷினில் கீச்சு வந்தது. கத்தினேன். அந்த ஆபரேட்டர் மிஷினை நிறுத்திவிட்டு, "இன்னைக்கு வாயப் பாக்காமயே பேசுறீகளே அண்ணே" என்றான்.

நடந்தது இவ்வளவுதான். எங்கள் டிவியில் ஸ்பீக்கர் இரண்டு. சரவுண்டுக்கு டிக் போட்டு, ஆறு இருப்பதாக நான் பெட்டியிடம் சொல்லியிருந்தேன். அது அதை நம்பி, பேச்சையெல்லாம் நடு ஸ்பீக்கருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் நடு ஸ்பீக்கர் கிடையாது.